ஆத்தங்குடித் தரை

செட்டிநாட்டு வெயிலில் நடந்து வந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுக்குள் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அந்தக் குளிர்ச்சிக்கே ஒரு கும்பிடு போடலாம். சூளை காணாத கல் இது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, இறுகியதும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். பூவும் கோடும் கைவேலை; பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

வறண்ட ஊரில் இதற்குப் பகை, காற்று கொண்டுவந்து கொட்டும் மணல்தான். மிதிபடும்போது மேற்பூச்சை அராவிவிடும். ஆகவே முதலில் நன்றாகப் பெருக்க வேண்டும். பிறகு தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால், ஆண்டு ஏற ஏற மெருகும் ஏறும். ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சிமெண்டை அது அரித்துவிடும்.