பெயருள்ள முகங்களும் பெயரிலா முகங்களும்: கமறன் தம்பதியரின் நிழற்படங்கள் பற்றி ஒரு நோக்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் வீதி போகவந்தலாவையை அடையுமிடத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே சென் மேரிஸ் என்னும் சிறிய ஆங்கிலிக்கன் தேவாலயம் உள்ளது. அதன் மயானத்திலே ஓர் ஆங்கிலத் தம்பதியர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமறன். இலங்கை வரலாற்றைப் பாடசாலையிற் கற்ற எவரும் கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவின் பெயரால் இவரை அறிவர். மனைவி ஜூலியா மார்கரெட் கமறன். விக்டோரியா கால இங்கிலாந்தின் தலையாய நிழற்படக் கலைஞர் என இன்று போற்றப்படுபவர். 1879 ஜனவரி 26ஆம் நாள் அவர் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதத்திற் கணவரும் மறைந்தார்.

இவ்விருவரும் இலக்கியத் தொடர்புடையோர் என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. உன்னதம், அழகு ஆகியன பற்றிக் கணவர் எழுதிய கட்டுரை 1835இல் அச்சேறியது. பியூர்கர் என்னும் ஜேர்மானியக் கவிஞரின் ‘லெனோர்’ கதைப்பாடலை மனைவி ஆங்கிலத்திற் பெயர்த்து 1847இல் வெளியிட்டார். கல்கத்தாவிற் பிறந்து, அங்கேயே 1838இல் மணம் முடித்த ஜூலியா, கணவர் ஓய்வுபெற்ற பின் 1848இல் இங்கிலாந்து சென்றார். 1860இல் வைற் தீவின் பிறெஷ்வாற்றர் என்னும் ஊரில், கவிஞர் டெனிசனின் இல்லத்துக்கு அண்மையில், அடுத்தடுத்திருந்த இரு வீடுகளை வாங்கி இடையே ஒரு கோபுரம் எழுப்பி ஒன்றாக்கினர். அவ்வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டிம்போலா’.

அப்பெயர் நமது டிம்புளவின் திரிபேயாகும். ஆங்கிலக் கவிஞரும் ஓவியரும் விஞ்ஞானியும் வந்து கூடிய அந்த இல்லத்தின் வாயிலிலே, அவர்களுட் பெரும்பாலோர் ஒருபோதும் கண்டிராத மலைநாட்டுப் பள்ளத்தாக்கொன்றின் பெயர் நின்றது. அலங்காரத்துக்காக மட்டும் இடப்பட்ட பெயராக இதனைக் கொள்ளல் இயலாது. ஆணைக்குழுவின் சிபாரிசின் பயனாக 1832இல் இராஜகாரிய முறை ஒழிந்தது. நிலமும் உழைப்பும் சந்தைப் பண்டங்களாகும் வழி திறந்தது. அவ்வழியைத் திறக்கச் சிபாரிசு செய்தவருள் ஒருவரே பின்னர் அச்சந்தையில் நிலம் வாங்கிய கோப்பித் தோட்ட முதலாளியாகவும் விளங்கினார். டிம்போலா இல்லத்தின் வாழ்க்கைக்கு வருவாய் தந்தவற்றுள் இத்தோட்டங்களும் அடங்கும்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. கோழிகள் அடைபட்டிருந்த கண்ணாடிக் கூடு படப்பிடிப்பு அறையாகியது. நிலக்கரி அறை இருட்டறையாகியது. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய முறை அது. பெரிய தகடுகளையே அவர் பயன்படுத்தியமையால், எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க நேர்ந்தது. கார்லைல், டார்வின், வானியலறிஞர் ஹேர்ஷல், டெனிசன் என அக்காலத்துப் பேரறிஞர் பலரும் அவ்வாறு இருந்தனர். கருந்துணியைப் பின்னணியாக இட்டு, உடையையும் அறையையும் இருளில் அமிழ்த்தி, முகத்தை மாத்திரம் பக்கவாட்டு ஒளியில் எழச் செய்தார். 1867இல் எடுத்த ஹேர்ஷலின் படத்தில், கழுவி உலர்த்திக் கலைத்துவிட்ட நரைமயிர் ஒளிவட்டம் போல நிற்பதைக் காணலாம். குவியம் தெளிவாக இல்லை என்று அக்காலத் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அவரைக் குறைகூறினர். அக்குறையே அவரது பலமாயிற்று. ஒரு மனிதனின் சிந்தனை முகத்திற் படியும் கணத்தை இவரளவுக்குக் காட்டியோர் அந்நூற்றாண்டிற் சிலரே என்பதில் நமக்கு ஐயமில்லை.

பணிப்பெண்களையும் அவர் படமெடுத்தார். மேரி ஹில்லியர் மடொன்னாவாகப் பலமுறை தோற்றமளிக்கிறார். பிச்சையெடுக்கும் சிறுமியாக இவ்வீட்டை வந்தடைந்த ஐரிஷ் பெண் மேரி றயன், படங்களில் அவளைக் கண்டு காதலித்த ஹென்றி கொற்றனை மணந்தாள். 1904இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அதே கொற்றன்தான்! இப்பெண்கள் வேடமிட்டே படங்களில் நிற்கின்றனர். எனினும் அவர்தம் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன.

1869இல் இலங்கைக் கோப்பியைப் பற்றிய இலைநோய் தோட்டங்களை அரிக்கத் தொடங்கியது. வருவாய் சுருங்கியது. 1875இல் கமறன் தம்பதியர் இலங்கைக்கே வந்து சேர்ந்தனர். சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் உடன் ஏற்றி வந்தனர் என்னும் கதையை ஆங்கில நூல்கள் சுவைபடக் கூறும். ஜூலியாவின் மருமகள் ஒருவரின் மகளே வேர்ஜினியா வூல்ப். அவர் 1926இல் ரொஜர் பிறையுடன் சேர்ந்து இப்படங்களின் தொகுதியொன்றை வெளியிட்டார். ‘புகழ்பெற்ற ஆடவரும் அழகிய பெண்டிரும்’ என்னும் அதன் தலைப்பே, யார் பார்க்கப்படத் தக்கவர் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இலங்கையில் ஏழாண்டு உத்தியோகம் பார்த்துத் திரும்பிய லெனார்ட் வூல்ப் அவ்வம்மையாரின் கணவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இத்தலைப்பை வாசித்தல் நன்று.

இலங்கையில் ஜூலியா எடுத்தவற்றுள் எஞ்சியவை ஏறத்தாழ முப்பது படங்களே. பெரும்பாலானவை மகன் ஹார்டிஞ் பணிபுரிந்த களுத்துறைப் பகுதியைச் சார்ந்தவை. வெப்பமும் ஈரமும் கொலோடியன் முறைக்குப் பகையானவை. எண்ணிக்கை குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த் தமது நினைவுக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். ஒருவனது முதுகின் அழகில் மயங்கிய ஜூலியா அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். ஜூலியாவுக்கோ தோட்டமே இல்லையாம். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட இச்செய்தியை நாம் நகைத்துவிட்டு விட்டுவிட முடியாது. டெனிசனிடம் அவர் தேடியது முகம். இங்கே தேடியது முதுகு.

1878இல் எடுத்த ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்னும் படத்தை நோக்குவோம். அதன் குறிப்பில் சிறுமிக்கு வயது பன்னிரண்டு எனவும், முதியவர் தாம் அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் கூறுவதாகவும் ஜூலியா எழுதியுள்ளார். வயது கேட்கப்பட்டது, உறவு கேட்கப்பட்டது, விடையும் எழுதப்பட்டது. பெயர் எழுதப்படவில்லை. வேறு பல படங்களுக்கு அவர் தலைப்பே இடவில்லை. ‘இளம்பெண்’, ‘தோட்டத் தொழிலாளர்’ என்றவாறான பொதுத் தலைப்புக்களையே அவற்றின் கீழ் இன்று காண்கிறோம். அவர்களுட் சிங்களவர் யார், தமிழர் யார் என்பதைக்கூடப் படங்கள் சொல்வதில்லை. ஆகவே அனைவரையும் மலையகத் தமிழர் என நாம் அவசரப்பட்டு உரிமை கொண்டாடுதல் தகாது.

இப்படங்களைப் பற்றி இருவகைத் தீர்ப்புக்கள் வழங்குகின்றன. கலைநயம் போற்றுவோர், பிறெஷ்வாற்றரில் மலர்ந்த கனிவின் தொடர்ச்சியை இவற்றிற் காண்கின்றனர். குடியேற்றவாதத்தைக் கண்டிப்போர், மக்களை மாதிரிகளாக வகைப்படுத்தும் இனவியற் படங்களோடு இவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றனர். இரண்டும் நமக்கு ஏற்புடையன அல்ல. ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனத்தார் அக்காலத்தில் விற்ற படங்களை இவற்றின் அருகில் வைத்தால் வேறுபாடு புலப்படும். அவற்றிலே தொழிலாளி கூடையோடும் கொழுந்தோடும் தொழிலின் அடையாளமாக நிறுத்தப்படுகிறான். ஜூலியாவின் படங்களிலோ சில முகங்கள் நம்மை நேரே நோக்குகின்றன. அந்நோக்கில் பணிவைக் காட்டிலும் ஐயமே மிகுதி. அதே ஆண்டுகளில், 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்னும் படை அதிகாரி எலும்புக்கூடான மக்களை வரிசையாக இருத்திப் படமெடுத்தார். அந்தக் கொடுமை ஜூலியாவிடம் இல்லை. ஆயினும் அப்பஞ்சத்திலிருந்து தப்பிக் கடல் கடந்து, வடபகுதிக் காடுகளினூடாக நடந்து, மாத்தளை வழியே கோப்பி மலைகளை அடைந்தோரின் உழைப்பிலேயே கமறன் போன்றாரின் தோட்டங்கள் நின்றன. நன்றி மறவாத கனிவு வேறு. கூலி கொடுக்கும் உறவு வேறு. ஜூலியாவின் கனிவு உண்மையானதே. அது தோட்டக் கணக்கேட்டின் எல்லையைத் தாண்டவில்லை என்பதே நமது வாதம்.

கணக்கேட்டைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. தோட்டத்தில் எவரும் பெயரற்று இருந்ததில்லை. கங்காணியின் கடன் கணக்கிலும், துண்டுச் சீட்டிலும், செக்றோலிலும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. தோட்டத்து மொழியில் ஒரு நாள் வேலைக்கே ‘பேர்’ என்றுதான் பெயர். குறைந்த வேலைக்கு ‘அரைப்பேர்’. பெயரைப் பாதியாக வெட்டிக் கூலியைப் பாதியாக்கும் அளவுக்குப் பெயர் அங்கே துல்லியமாகப் பயன்பட்டது. துரைமார் உலகம் இம்மக்களின் பெயர்களை அறியாதிருந்தது என்று கூறுவார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூலிக்கு வேண்டிய பெயர் கலைக்கு வேண்டப்படவில்லை.

இல்லங்களின் நிலையும் இத்தகையதே. பிறெஷ்வாற்றர் வீட்டை அன்பர்கள் மீட்டு அருங்காட்சியகமாக்கினர். அங்கே அறை அறையாக அவரது வாழ்வைக் கற்பனை செய்யலாம். கிளென்கேர்ன், கோப்பி அழிந்த பின் தேயிலைக்கு மாறிய மலைநாட்டின் ஒரு பகுதியாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக அடுக்கிய லயத்தை எந்தக் கருந்துணியும் பின்னணியிலிருந்து மறைக்க வேண்டியிருக்கவில்லை. கமரா அப்பக்கம் திரும்பவேயில்லை.

மலையகம் தனக்கென ஓர் இலக்கியத் தம்பதியரைப் பின்னர் பெற்றது. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரத்தையும் பாட்டையும் கருவியாகக் கொண்டனர். 1931இல் ஹட்டனிலே தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய நடேசய்யர், முன்னர் புடைவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுட் புகுந்தார் என்பது பலரும் அறிந்தது. பாட்டுக்காரரே வேடமிட்டு நுழையவேண்டியிருந்த இடத்தில், கமராவைத் தூக்கிக்கொண்டு எவர் நுழைவது? இம்மக்களைப் பற்றிய பழைய படங்கள் யாவும் பங்களாவின் பக்கமிருந்தே எடுக்கப்பட்டமைக்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

தொழிலாளர் பலர் தம் பெயரோடு கமராவின் முன் அமரும் நிலை பிறிதொரு வழியில் வந்தது. 1948இற் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. அதன்பின் குடும்பங்கள் மலைநாட்டு நகரங்களின் ஸ்டூடியோக்களுக்குச் சென்று, கடவுச்சீட்டுக்காக அசையாது அமர்ந்தன. தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதம் ஏறுமுன் எடுத்த அப்படங்களின் பிரதிகள் இன்னும் சில லயங்களிலும், நீலகிரியிலும், கொத்தகிரியிலும் தகரப் பெட்டிகளிற் கிடக்கின்றன. கலைநயம் அவற்றில் இல்லை, வெளிச்சம் தட்டையானது, பின்னணித் திரையில் வரைந்த பூந்தோட்டம் ஒன்று. ஆனால் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அவற்றிலே பெயரோடும் வயதோடும் இருக்கின்றனர். களுத்துறைச் சிறுமி பார்த்த அதே பார்வையை அவற்றில் நாம் பலமுறை கண்டோம்.

ஜூலியா கமறனின் முப்பது படங்களுக்கு இலண்டனிலும் அமெரிக்காவிலும் காப்பகங்கள் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, போகவந்தலாவை ஆகிய ஊர்களின் பழைய ஸ்டூடியோக்களில் எஞ்சிய எதிர்ப்படிவங்களை ஈரமும் பூஞ்சணமும் தின்னுமுன் தேடிச் சேர்ப்பதை நம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் முதற் பணியாகக் கொள்ளலாம். படத்திலிருப்போரின் பெயர்களைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொள்வது அதனோடு சேர்ந்தே நடைபெற வேண்டியது. அடுத்த தலைமுறையிடம் கேட்க முடியாது.