படிக்கல்லுக்குள் ஒரு பாலம்

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளை ஆண்டின் நாட்களோடு பொருத்திச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கைவிடக் கல்லின் கணக்கில்தான் ருசி. கருங்கல்லில் வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ மினுங்கும் துண்டுகள் பெல்ட்ஸ்பார். அதில் சிலிக்கானையும் அலுமினியத்தையும் ஆக்சிஜன் பாலமாக இணைக்கிறது. பொட்டாசிய வகையில் நான்கு சிலிக்கான் இடங்களில் ஒன்றை அலுமினியம் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு நேர்மின்சுமை குறைய, உள்ளே புகுந்த பொட்டாசியம் அதை ஈடுகட்டுகிறது.

உறுதிக்கு அலுமினியம் எதற்கு, அலுமினியம் சேராத குவார்ட்ஸ் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான்: மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7, பெல்ட்ஸ்பார் 6. மழைநீரிடம் முதலில் தோற்பதும் பெல்ட்ஸ்பார்தான். ஆனால் அது தோற்றால்தான் களிமண் பிறக்கும். செங்கல்லும் சட்டியும் அந்தக் களிமண்ணின் பிள்ளைகள். குவார்ட்ஸ் மட்டும் இருந்திருந்தால் மணல்தான் மிஞ்சியிருக்கும், அதை வைத்துப் பானை வனைய முடியாது. பெல்ட்ஸ்பாரில் சிலிக்கானையும் அலுமினியத்தையும் இணைக்கும் அதே ஆக்சிஜன் பாலத்தைச் சோவியத் வேதியியலாளர் அந்திரியானவ் ஆய்வகத்தில் கட்டினார். கரிமத் தொகுதி தாங்கிய சிலிக்கான் சேர்மத்தின் சோடிய உப்போடு அலுமினியம் குளோரைடு வினைபுரிந்தால், நம் சமையல் உப்பு தனியே படிந்துவிடும், பாலம் நிற்கும். அங்கும் அலுமினியம் இருக்கும் மூட்டைத்தான் நீர் எளிதில் அறுக்கிறது.