எந்தப் பக்கம் சுற்றுகிறார்?

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்க உட்கார்ந்தால் கண் நேராக ரிப்பனுக்குத்தான் போகும். ஆறு மீட்டர் சாட்டின் துணி தலைக்கு மேல் நெளியும்போது வேறெதையும் பார்க்கத் தோன்றாது. ஒரே ஒரு தடவை அதை விட்டுவிட்டு, வீராங்கனை ஊன்றி நிற்கும் காலின் குதிகாலைப் பாருங்கள். ஒன்றரை நிமிட ஆட்டத்தின் கணக்கு வழக்கில் ஒரு முக்கியப் பகுதி அங்கேதான் நடக்கிறது.

உடலால் செய்யும் கடினங்களை இந்த விளையாட்டு மூன்றாகப் பிரிக்கிறது: துள்ளல், சமநிலை, சுழற்சி. சுழற்சியில் முதன்மையானது பிவட். முன்பாதத்தில் மட்டும் நின்று, எடுத்த வடிவம் கலையாமல், ஒரு முழுச் சுற்றாவது சுற்ற வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் மதிப்பு ஏறும். குதிகால் தரையில் பட்டதோ, எண்ணிக்கை நின்றது. ஒன்றே முக்கால் சுற்று வந்தாலும் நடுவரின் தாளில் அது ஒன்றுதான். ஃபுவெட்டே என்ற வகையில் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகால் இறங்கி ஏறலாம். அதனால்தான் அது நீண்ட தொடராக வருகிறது, கைத்தட்டலும் அதற்குத்தான் அதிகம் விழுகிறது. எனக்கென்னவோ இறங்காத குதிகாலில் வரும் மூன்று சுற்று, இறங்கி ஏறும் எட்டுச் சுற்றைவிட உயர்வாகப் படுகிறது.

பிவட்டுக்கான விசை முழுவதும் அதற்கு முந்தைய அரை நொடியில் தரையைத் தள்ளி எடுத்துக்கொள்வது. சுற்றத் தொடங்கிய பின் புதிதாகத் தள்ள வழியில்லை. தூக்கிய கால் வெளியே நீண்டால் வேகம் குறையும், உடலோடு நெருங்கினால் கூடும். ஆகவே அந்த அரை நொடியைப் பிடிக்கப் பழகுங்கள். முழங்கால் சற்று மடங்கும். இடப்பக்கம் சுற்றப்போகிறவரின் தோள் முதலில் ஒரு கணம் வலப்பக்கம் ஒதுங்கும். சாதாரண வீராங்கனை இந்த இடத்தில் நின்று, மூச்சை இழுத்து, தயாராகிவிட்டுத்தான் சுற்றுவார். தேர்ந்தவர் அந்த ஒதுங்கலை நடனத்தின் ஓர் அசைவாகவே மாற்றி மறைத்துவிடுவார். கலைத்தன்மைக்கு நடுவர்கள் தனியாக மதிப்பிடுவது இருக்கட்டும், ஒருவரின் தரத்தை நான் இங்கேதான் எடை போடுவேன்.

இனி, எந்தப் பக்கம்? திரையில் தெரியும் வலம் இடத்தை மறந்துவிடுங்கள், கேமரா மாறினால் அதுவும் மாறும். வீராங்கனையின் உடலை வைத்தே சொல்ல வேண்டும். முதல் துள்ளலில் எந்தக் கால் முன்னால் பிரிகிறது, சமநிலையில் எந்தக் கால் மேலே போகிறது, பிவட்டில் எந்தக் காலை ஊன்றுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றும் ஒரே கதையைத்தான் சொல்லும்: ஒரு கால் வளைவதற்கு, மற்றது தாங்குவதற்கு. சிறு வயதில் இரு காலிலும் ஸ்பிளிட் போடவைக்கிறார்கள். போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சி நேரத்தை நன்றாக வரும் காலே தின்றுவிடுகிறது.

சுற்றும் திசை அடுத்த கேள்வி. ஊன்றிய கால் இடது, தூக்கிய கால் வலது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் சுற்றினால் தூக்கிய கால் பின்னோக்கி விலகிக்கொண்டே போகும், உடல் திறந்தாற்போல் இருக்கும். இடப்பக்கம் சுற்றினால் அதே கால் முன்னோக்கி வளைத்து வரும், உடல் தன்னையே சூழ்ந்துகொள்வது போலிருக்கும். விதியில் இரண்டுக்கும் இடமுண்டு. பார்க்கும் நமக்குத்தான் இரண்டும் இரண்டு விதம்.

கை இதற்கெல்லாம் கட்டுப்பட்டதல்ல. வலக்கையால் கருவியை எறிபவர் இடப்பக்கமே சுற்றுபவராக இருக்கலாம். ரிப்பனில் இதன் விளைவு கண்கூடு. வலக்கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சுற்றினால் துணி அவர் முதுகுப் பக்கமாகத் தொடர்ந்து வரும். வலப்பக்கம் சுற்றினால் மார்புக்கு முன்னால் வரும். சுற்றுகிற வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காவிட்டால் துணி முதல் வகையில் பின்னாலும், இரண்டாவதில் முன்னாலும் உடலில் ஒட்டும். ரிப்பன் சிக்கிய காட்சி கிடைத்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குச்சி பிடித்த கையும் சுற்றிய திசையும் தெரிந்தால், சிக்கல் எங்கே தொடங்கியிருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பாலே ஆடுபவர்கள் சுற்றும்போது ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, உடல் திரும்பிய பின் தலையைச் சட்டென்று திருப்பிக்கொள்வார்கள். பின்னால் வளைந்து, காலைத் தலைக்குப் பின்னாலோ மேலேயோ வைத்துச் சுற்றுபவருக்கு அந்தத் துணை கிடையாது. கண்ணுக்குத் தெரிவது கூரை மட்டுமே, அதுவும் சுழல்கிறது. அலினா காபயேவாவின் பழைய ஆட்டங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வளையம் எல்லைக்கு வெளியே உருண்டு வெண்கலத்தோடு திரும்பியவர், 2004 ஏதென்ஸில் தங்கம் வென்றார். அவரது நெகிழ்ச்சியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அவ்வளவு வளைந்த பிறகும் ஊன்றிய கணுக்கால் எவ்வளவு குறைவாக ஆடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எறிதலுக்கு வருவோம். கருவி காற்றில் இருக்கும்போது உடலைக் குறைந்தது இருமுறை முழுதாகச் சுழற்றிவிட்டுப் பிடிக்க வேண்டும். நின்றபடி சுற்றலாம், உருளலாம், குட்டிக்கரணம் போடலாம். சுழலும் அச்சையோ மட்டத்தையோ நடுவில் மாற்றினால் மதிப்பு கூடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடித்தாலும், கையில்லாமல் பிடித்தாலும் கூடும். கருவியைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் கீழே வரும். எறிந்த கையையும் அதன்பின் அவர் திரும்பும் திசையையும் பாருங்கள். தனக்கு வாகான பக்கம் திரும்பினால் இரண்டு சுற்றுக்கு நடுவில் தலை ஒருகணம் நிமிர்ந்து கருவியைத் தேடிக்கொள்ளும். அந்த ஒரு பார்வை இல்லாமல் பிடிப்பவர் எறிந்த கணத்திலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார் என்று பொருள். தவறினால் இழப்பு சிறிதல்ல: நின்ற இடத்திலேயே எடுத்துக்கொண்டால் அரைப் புள்ளி, மூன்று அடி ஓடி எடுத்தால் முழுப் புள்ளி. 2016 ரியோவில் யானா குத்ரியாவ்த்சேவா கிளப் எனும் இரட்டைத் தடி ஆட்டத்தின் கடைசிப் பிடியில் ஒன்றைத் தவறவிட்டார். தங்கம் அவரது அணித்தோழி மார்கரீட்டா மாமுனுக்குப் போனது.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இந்த ஒருபக்கச் சார்பு உறுத்தலாம். அடவு என்றால் வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்தே ஆக வேண்டும். இங்கே வடிவம் சரியாக வந்தால் போதும், எந்தக் காலில் வந்தாலும் மதிப்பு ஒன்றே. அப்படியிருக்க, வராத காலில் யார் பணயம் வைப்பார்கள்? இந்தச் சார்பு வளரும் உடலில் தங்கியும்விடுகிறது. 2000-இல் பல்கேரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்தப் பயிற்சியில் இருந்த 100 சிறுமிகளில் 12 பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. மற்றச் சிறுமிகளிடம் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான். தளர்ந்த மூட்டு, தாமதமான பருவ வளர்ச்சி, முதுகெலும்பின் மேல் எப்போதும் ஒரே பக்கமாக விழும் சுமை ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு என்று அவர்கள் கருதினார்கள். விதியை எழுதுகிறவர்கள் மற்றக் காலுக்கும் ஏதாவது தந்திருக்கலாம் என்பது என் கட்சி. அதனாலேயே, யாராவது வாகில்லாத காலைத் தூக்கிவிட்டால் வடிவம் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

பழகிக்கொள்ள ஓர் எளிய வழி, ஒரே வீராங்கனையின் நான்கு கருவி ஆட்டங்களையும் வரிசையாகப் பார்ப்பது. பாரிஸில் 2024-இல் தங்கம் வென்ற தார்யா வார்ஃபோலமேயெவ் நல்ல தேர்வு. சைபீரியாவின் பர்னாவுலில் பிறந்து, 12 வயதில் ஜெர்மனிக்குப் போனவர். அவரது பயிற்சியாளர் யூலியா ராஸ்கினா சிட்னியில் வெள்ளி வென்றவர். வளைய ஆட்டத்தில் ஊன்றிய கால், சுற்றிய திசை, எறிந்த கை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பந்திலும் கிளப்பிலும் ரிப்பனிலும் எது மாறுகிறது, எது மாறவே இல்லை என்று ஒப்பிடுங்கள். ஒலியை அணைத்துவிட்டால் கண் இன்னும் கூர்மையாகும், ஆனால் இசையோடு ஒரு தடவையாவது பார்க்காமல் விடாதீர்கள்.

தனி ஆட்டம் பழகிய பின் குழு ஆட்டத்துக்கு வரலாம். ஐந்து பேர் ஒரே கணத்தில் சுற்றும்போது திசை ஒன்றாக இருந்தால்தான் பார்வைக்கு ஒழுங்கு. ஆனால் ஐவருக்கும் ஒரே கால் வாகாக அமைய வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒருவருடைய தூக்கிய கால் மட்டும் வேறாகத் தெரிந்தால், அணிவகுப்பில் அவரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், எதிரே நிற்பவருக்குக் கண்ணாடி பிம்பமாகவா, அல்லது ஓரத்தில் ஒதுக்கியா என்று பாருங்கள்.