பழிக்கதையில் ஒரு பெண்குரல்

சிறையிலிருந்து தப்பியவன் தன்னை ஏமாற்றியவனைத் தேடிப் போகிறான். அமெரிக்க நுவார் படங்கள் இந்தக் கதையைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. ஆண்டனி மான் இயக்கிய 'ரா டீல்' (1948) மட்டும் அதைத் தப்பியவனிடமிருந்து பறித்து, அவனை நேசிப்பவளிடம் கொடுத்துவிடுகிறது.

ரிக்கின் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போனவன் ஜோ. ரிக் அவனுக்கு 50,000 டாலர் தர வேண்டும். தப்பிக்க வழி செய்து கொடுப்பதும் ரிக்தான். ஓடும்போதே போலீஸ் சுட்டுவிடும், பணமும் மிஞ்சும் என்பது அவன் கணக்கு. ரிக்காக வரும் ரேமண்ட் பர் பின்னாளில் தொலைக்காட்சியில் பெரி மேசன் என்ற நேர்மையான வழக்கறிஞராகப் புகழ்பெற்றவர். இங்கே அவர் தீயோடு விளையாடும் கொடூரன்.

நுவாரில் பின்னணிக் குரல் பெரும்பாலும் ஆணுடையது. 'டபுள் இண்டெம்னிட்டி', 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' இரண்டிலும் நடந்து முடிந்ததை ஆண்களே சொல்கிறார்கள். 'ரா டீல்' படத்தில் பேசுவது ஜோவின் காதலி பேட். கிளேர் டிரெவரின் தளர்ந்த குரல், நடப்பதை நடக்கும்போதே சொல்கிறது. கூடவே தெரமின் என்ற மின்னிசைக் கருவியின் ஊளை. ஜோவின் மனம் ஆன் என்ற இன்னொருத்தியிடம் போய்க்கொண்டிருப்பது அவனுக்கு முன்பே பேட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. ஜோவும் பேட்டும் தப்பிச் செல்லவிருக்கும் கப்பல் கிளம்பும் நேரம். ஆன் ரிக்கிடம் சிக்கியிருக்கிறாள். பேட் அதை ஜோவிடம் மறைத்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது. கல்யாணம், புதிய ஊர் என்று ஜோ பேசப் பேச, அவளால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி அவனை இழக்கிறாள். அந்தக் கால அமெரிக்கப் படங்களில் இதைவிடக் கனமான ஒரு முடிவை எந்தப் பாத்திரமும் எடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தத் தவிப்புக்கு உருவம் கொடுத்தவர் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். படத்தை வெளியிட்ட ஈகிள்-லயன் சிறிய நிறுவனம். பெரிய அரங்குகளுக்கு வசதி இல்லை. ஆல்டன் சட்டகத்தின் பெரும்பகுதியை இருட்டிலேயே விட்டுவிட்டு, முகத்தின் விளிம்புக்கு மட்டும் ஒளி கொடுத்தார். மறுஆண்டே 'பெயிண்டிங் வித் லைட்' என்ற நூலையும் எழுதினார். 'ரா டீல்' படத்தில் சிறைக்கு வெளியேயும் ஜன்னல் கம்பிகளும் வலைகளும் மூடுபனியும் ஜோவை விடுவதில்லை.

பட் போட்டிக்கரின் 'தி கில்லர் இஸ் லூஸ்' (1956) படமும் சிறையிலிருந்து தப்பியவனின் பழிக்கதைதான், ஆனால் நேரெதிரான படம். இருட்டுக்குப் பதில் பட்டப்பகல் புறநகர். தப்பி வரும் லியான் பூல் தடித்த கண்ணாடி போட்ட, சாதுவாகப் பேசும் வங்கி ஊழியர். கைது செய்ய வந்த துப்பறிவாளரின் குண்டு அவர் மனைவியைக் கொன்றுவிட்டது; அதற்கு ஈடாகத் துப்பறிவாளரின் மனைவியைக் கொல்ல வருகிறார். இராணுவத்தில் தன்னைக் கேலி செய்த பழைய சார்ஜென்டை வழியில் சுடும்போது, குண்டு துளைத்த புட்டியிலிருந்து பால் கொட்டுகிறது. பூலாக வரும் வெண்டெல் கோரியின் அமைதி அசல் பயங்கரம். ஆனால் கணவர்களின் கணக்கைத் தீர்க்கும் பொருளாகவே அங்கே மனைவிகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல யாரும் இல்லை. திறமையில் குறைவில்லாத அந்தப் படத்தை நான் 'ரா டீல்' படத்துக்குக் கீழே வைப்பதற்கு அதுவே காரணம்.

கிளேர் டிரெவருக்கு அந்த 1948இன் துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தது, 'கீ லார்கோ' படத்துக்காக. தகுதியான விருதுதான். பேட்டுக்காகவும் அதைக் கொடுத்திருக்கலாம்.