சாட்சியை இழந்த சொல்

லத்தீன் கோன்ஸ்கியென்டியாவின் நேர்ப்பொருள் 'கூட அறிதல்'. இன்னொருவன் அறிந்ததை நானும் அறிந்திருப்பது. இதன் உறவுச் சொல்லான கோன்ஸ்கியுஸ், சதிக்கு உடந்தையானவனையும் குறித்தது. ஆக, இது தனியே உட்கார்ந்து அடைந்த ஞானமல்ல. இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம். அந்த இரண்டாவது ஆள் லத்தீனிலேயே உள்ளே குடியேறிவிட்டான்: தன் செயலுக்குத் தானே சாட்சி. 1651ல் ஹாப்ஸ், 'லெவையதன்' நூலில், இதை உருவக வழக்கு என்கிறார். தங்கள் சொந்த அபிப்பிராயங்களுக்கும் மனிதர்கள் இந்தப் புனிதப் பெயரைச் சூட்டிக்கொண்டதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பிறகுதான் பிளவு. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலம் கான்ஷியன்ஸுக்குப் பக்கத்தில் கான்ஷியஸ்னெஸ்ஸை உண்டாக்கிக்கொண்டது. ஜெர்மனில் கெவிஸ்ஸன் அறத்துக்கு, பெவுஸ்ட்ஸைன் அறிவுக்கு. ரஷ்யனிலும் சோவெஸ்த், சோஸ்னானியே என இரண்டு. ஆனால் இரண்டிலும் 'கூட' என்ற முன்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சும் இத்தாலியனும் பிரியவில்லை. லாக்கின் நூலை 1700ல் பிரெஞ்சில் கொண்டுவந்த பியேர் கோஸ்த் இதில் மாட்டிக்கொண்டார். புதுச்சொல் படைக்கவில்லை, இருந்த சொல்லின் நடுவே ஒரு சிறுகோடு போட்டு, காரணத்தை அடிக்குறிப்பில் சொன்னார்.

1943ல் சார்த்தர் 'இருத்தலும் இன்மையும்' எழுதியது இந்தப் பிரியாத சொல்லைக்கொண்டுதான். 1956ன் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது கான்ஷியஸ்னெஸ் ஆயிற்று. தவறில்லை, வேறு வழியுமில்லை. ஆனால் பிரெஞ்சு வாசகன் காதில் அறிவுக்கும் அறத்துக்கும் ஒரே ஓசை. ஆங்கில வாசகனுக்கு அது கிடைக்காது.

ஆங்கிலத்தின் வழியே வாசிக்கும் நமக்கும் கிடைக்கவில்லை. பிரக்ஞை ஒரு பக்கம், மனசாட்சி இன்னொரு பக்கம். ஒரு கவிதையைப் பிரக்ஞைபூர்வமானது என்று பாராட்டும்போது அது எதற்குச் சாட்சி என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பிரசாரக்காரன் என்ற பெயர் வரும். கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்களோ, சாட்சி கண்ணைத் திறந்து பார்த்தானா என்று விசாரிப்பதில்லை. அவன் எந்தக் கட்சி என்பதே போதுமாயிருக்கிறது. ஒரே சொல்லின் இரண்டு பாதிகளை வைத்துக்கொண்டு இரண்டு முகாம்கள் சண்டை போடுகின்றன.

மனசாட்சி என்ற நம் சொல்லிலேயே சாட்சி இருக்கிறான். சாட்சி என்றால் கண்ணால் கண்டவன். பார்க்காதவன் சொல்வது பொய்ச் சாட்சி. பார்த்துவிட்டுச் சொல்லாதவனை லத்தீன்காரன் உடந்தை என்றான். நம் விமர்சனத்தில் அவனுக்கு நுட்பமான கலைஞன் என்று பெயர்.