நூதனசாலையும் மாணவனின் கரையும்

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது; இயற்கை வரலாற்றுக்கெனத் தனி நூதனசாலை 1986இல் அமைந்தது. கொழும்பிலுள்ள திமிங்கில எலும்புக்கூடு மாணவரை வியப்பில் ஆழ்த்துவது. ஆயின், பெயரும் நீளமும் உரைப்பதோடு அமையும் விரிவுரை கல்வியாகாது.

மகாவலி கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் அருகே கட்டைபறிச்சான் உளது. அங்கிருந்து மேற்குக் கரைவரை பயணஞ்செய்யும் மாணவன், தன்னூர்க் கடலின் உயிரையே எலும்பாகக் காண்கின்றான். திருகோணமலைக்கு அப்பால் நீலத்திமிங்கிலம் உலவுவதும், கரைக்கு அண்மையிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு அமைந்திருப்பதும், இறாலொத்த சிற்றுயிர்களே அப்பேருயிரின் உணவு என்பதும் அவனுக்கு உணர்த்தப்பட வேண்டியன. மீனவக் குடியிற் பிறந்தவனாயின், தந்தையின் தோணியில் அவன் பெற்ற கடலறிவும் அவ்விளக்கத்தில் இடம்பெறல் வேண்டும். அஃதில்வழி, அவன் வெறும் பார்வையாளனாகவே மீள்வான். ஆதலின், விரிவுரை மாணவனின் கரையிலிருந்து, அவன் தமிழிலேயே தொடங்குதல் தக்கதாம்.