நாக்கும் செவியும்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதை ஒன்றில், ஓசூர்த் தொழிற்பேட்டையில் வாசற்காவல் பார்க்கும் கன்னடக்காரர் ஒருவர் வருகிறார். வாழைப்பழத்தை அவர் 'வாளப்பளம்' என்பதாக எழுதி, வாசகர்களைச் சிரிக்க வைத்தேன். கதை வெளிவந்த பிறகு ஜூஜூவாடியிலிருந்து பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தாய்மொழி கன்னடம், முப்பது வயதுக்கு மேல் பிழைப்புக்காகத் தமிழ் கற்றவர்.

"அந்த ஆள் எப்படிப் பேசறான்னு எழுதியிருக்கீங்க, சார். என்ன பேசறான்னு எழுதலையே?" என்றார்.

அவருக்கும் ழகரம் வரவில்லைதான். ஆனால் என் கதைக்கு அதைவிட நல்ல விமரிசனம் வந்ததில்லை.

வயது வந்தபின் ஒரு மொழியைக் கற்றவர், அதிலேயே பிறந்தவரைப் போல உச்சரிக்க முடியுமா? பருவ வயது கடந்துவிட்டால் அந்நிய வாடை எளிதில் போகாது என்று 1967-ல் எரிக் லென்னபர்க் எழுதினார். ஆனால் 1997-ல் தியோ பொங்கார்ட்ஸ் வெளியிட்ட ஆய்வில், தனி உச்சரிப்புப் பயிற்சி பெற்ற சில டச்சுக்காரர்களின் ஆங்கிலத்தைக் கேட்ட ஆங்கிலேயர்கள், அவர்களைத் தம்மவர் என்றே எண்ணினார்கள். ஆக, சிலரால் முடியும், பெரும்பாலோரால் முடிவதில்லை. இதில் சோம்பலுக்கு இடமில்லை. குழந்தையின் செவி தன் மொழிக்கு வேண்டிய ஒலிகளைப் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. கன்னடத்தில் ககர வரிசைக்கு நாலு எழுத்து உண்டு, நமக்கு ஒன்றுதான். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் நாம் கன்னடம் பேசினால் அவர்களும் சிரிக்கலாம்.

ஓசூர் என்ற பெயரையே பாருங்கள். கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதிய. ஹொஸூர், அதாவது புதூர். தமிழுக்கு வந்த ஊர் ஹகரத்தைத் தொலைத்தது, ஒகரத்தை நீட்டிக்கொண்டது. நம் நாக்கு செய்த இந்த மாற்றத்தை ஒருவரும் பிழை என்பதில்லை. அரசாங்கப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

இலக்கியத்தில் இதற்குப் பிரசித்தமான உதாரணம், 1913-ல் முதலில் மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. பூக்காரி எலைசாவும் ஆங்கிலத்திலேயே பிறந்தவள்; அவள் கற்பது வேறு வர்க்கத்தின் உச்சரிப்பு. மூன்றாம் அங்கத்தில் அவள் உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. ஆனால் அத்தை செத்த கதையை அவள் எடுத்ததும், பேசும் விஷயம் அவளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஹிக்கின்ஸின் தாயாருக்கு இது புரிகிறது. ஒலி நிபுணரான மகனும் இதை முன்பே சொல்லியிருக்கிறார்.

இதற்கு நேர் எதிர் ஜோசப் கான்ராட். 1857-ல் பிறந்த போலந்துக்காரர். இருபது வயதுக்கு மேல் கப்பல்களில் ஆங்கிலம் கற்றவர். போலந்து வாடை அவர் பேச்சில் கடைசிவரை இருந்தது. 'லார்ட் ஜிம்' நாவலில் அது எங்கே இருக்கிறது? நாக்கு தோற்ற இடத்தில் செவி ஜெயித்திருக்கிறது. மொழியின் ஓட்டத்தைக் கேட்கத் தெரிந்தவனுக்கு அது தன்னைக் கொடுத்துவிடுகிறது.

நம் கதைகளிலும் சினிமாவிலும் வேற்று மொழிக்காரர் பெரும்பாலும் எழுத்துப் பிழையாகவே நடமாடுகிறார். மதுரைக்காரர் 'வாளப்பளம்' என்றால் வட்டார வழக்கு என்று ரசிக்கிறோம். கன்னடக்காரர் சொன்னால் சிரிக்கிறோம். ஒலி ஒன்றுதான். அப்படியானால் நாம் சிரிப்பது ஒலியைக் கேட்டல்ல, ஆளைப் பார்த்து. எழுதுகிறவன் இதைச் செய்வது, என் அபிப்பிராயத்தில், செவிட்டுத்தனம். உச்சரிப்பைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் காட்டினால் போதும். பிறகு அந்த மனிதர் பேசட்டும்.

தொகுதிக்காக அந்தக் கதையை மறுபடி எடுத்தேன். கொச்சையை எல்லாம் அடித்துவிட்டுக் காவலாளியைப் படித்துப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி ஒரு வார்த்தையும் அவரிடம் மிச்சமில்லை. கதையைத் தொகுதியில் சேர்க்கவில்லை.